பழைய செட்டப் கோப்புக்கு விண்டோஸ் சொல்லும் பொய்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரைதான். எனவே அச்சகங்களும் கணக்கு அலுவலகங்களும் விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பேஜ்மேக்கர் 7.0 காலத்து சிடிக்களும் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கம்பாட்டிபிலிட்டி மோடில் டிக் போட்டும் செட்டப் ஏன் நின்றுவிடுகிறது? கணினிக்குக் கணினி டிக் போடாமல் ஸ்கிரிப்ட் எழுதி முடிக்க முடியாதா?

பழைய விண்டோஸின் அமைப்புகளோடு நிரலை இயக்குவதே இந்த மோடு என்கிறது மைக்ரோசாப்ட். இதைப் படிப்பவர்கள் உள்ளே ஒரு எக்ஸ்பி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அங்கே இருப்பவை 'ஷிம்' எனப்படும் சிறு இடைச்செருகல்கள்.

எந்த நிரலும் தொடங்கும்போது, தான் அழைக்க வேண்டிய விண்டோஸ் செயல்கூறுகளின் முகவரிப் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மோடை இயக்கினால் அந்தப் பட்டியலில் சில முகவரிகள் மட்டும் மாற்றி எழுதப்படும். டைரியில் ஒருவர் பெயருக்கு எதிரே வேறு எண்ணை எழுதி வைப்பது மாதிரி: அழைப்பவர் வழக்கம்போல் அழைப்பார், எடுப்பது வேறு ஆள். 'இது எந்தப் பதிப்பு?' என்று செட்டப் கேட்டால் ஷிம் '5.1' என்று பதில் தரும். எக்ஸ்பியின் எண் அது. செட்டப் கோப்பில் ஒரு பைட்கூட மாறுவதில்லை.

இந்தப் பொய் தேவைப்பட்டதற்கு நிரலாளர்களின் அவசரமும் காரணம். முதல் எண் 5-க்குக் குறையக்கூடாது, இரண்டாவது 1-க்குக் குறையக்கூடாது என்று தனித்தனியே சோதித்த நிரல்கள், விஸ்டாவின் 6.0-ஐக் கண்டதும் 'பழைய விண்டோஸ்' என்று நின்றுபோயின. விண்டோஸ் 7 தன்னை 6.1 என்று சொல்லிக்கொண்டது பழைய நிரல்களின் பொருத்தத்துக்காகத்தான். 8.1 முதல், புதிய பதிப்பை அறிந்ததாகத் தன் மேனிஃபெஸ்ட்டில் (நிரல் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பில்) சொல்லாத நிரலுக்கு டிக் போடாமலேயே 6.2 என்ற பதில்தான் போகிறது.

எனக்குக் கவலை தருவது இதன் விளைவு. பதிப்பைப் பார்த்துக் கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும் செட்டப், எக்ஸ்பி என்று நம்பினால் எக்ஸ்பிக்கானவற்றையே பதித்துவிடும். ஆகவே முதலில் விண்டோஸ் 7 என்று சொல்லிப் பாருங்கள். எக்ஸ்பி கடைசி முயற்சியாக இருக்கட்டும்.

இனி ஸ்கிரிப்ட். பேட்ச் கோப்பில் 'காம்பாட் லேயர்' என்ற சூழல் மாறிக்கு மதிப்புத் தந்து, அடுத்த வரியில் செட்டப்பை அழைத்தால் போதும். மாறியின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, இரு சொற்களுக்கும் நடுவே ஒன்று. செட்டப் தற்காலிக ஃபோல்டரில் விரித்து ஓட்டும் துணை நிரல்களுக்கும் அந்த மதிப்பு போய்ச் சேரும். டிக் போட்டால் அது ரெஜிஸ்ட்ரியில் கோப்பின் முழுப் பாதையோடு பதிந்து அங்கேயே கிடக்கும். மாறியோ பேட்ச் கோப்பு ஓடும் கருப்பு விண்டோவை மூடியதும் போய்விடும். இதனாலேயே ஸ்கிரிப்ட் மேல் என்பேன்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. பெயரில் 'செட்டப்' என்றிருக்கும் மேனிஃபெஸ்ட் இல்லாத 32-பிட் நிரலைக் கண்டால், இது இன்ஸ்டாலர் என்று விண்டோஸ் ஊகித்து நிர்வாகி அனுமதி கேட்கும். 'ஆம்' என்றதும் செட்டப்பைத் தொடங்குவது விண்டோஸின் சேவை ஒன்று. நம் மாறி அதற்குத் தெரியாது. எனவே பேட்ச் கோப்பையே நிர்வாகியாக இயக்குங்கள். அப்போது அது சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்று தொடங்கும் என்பதால், முதல் வரியிலேயே தன் சொந்த ஃபோல்டருக்கு மாறச் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் 10-இல் ஓடுவது 11-இலும் ஓடும் என்ற வாக்குறுதியை முழுசாக நம்பாதீர்கள். 32-பிட் விண்டோஸ் 10-இல் 16-பிட் செட்டப்பை ஓட்ட முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. பழைய இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற ஒருசில இன்ஸ்டாலர்களை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அதற்கீடான 32-பிட் நிரலைத் தானே மாற்றி வைத்து ஓட்டும். அந்தச் சிறு பட்டியலில் இல்லாதவற்றுக்கு எந்த மோடும் உதவாது.

இனி மற்ற சில கேள்விகள். எம்எஸ்ஐ கோப்பு? பதிக்கும் வேலையை விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை செய்வதால் இந்த மாறியை நம்ப வேண்டாம்.

பழைய பிரிண்டர், டாங்கிள்? ஷிம் கெர்னலுக்குள் போகாது. 64-பிட் டிரைவர் வேண்டும்.

'சரியாக நிறுவப்படவில்லையோ' என்று விண்டோஸ் பிறகு கேட்கிறதே? அன்இன்ஸ்டால் பட்டியலில் பதிவு விழாவிட்டால் அப்படிக் கேட்கும்; நிரலைத் திறந்து சோதித்துப் பாருங்கள்.

இப்படி ஓட்டினால் பாதுகாப்பு உண்டா? பழைய நிரலின் ஓட்டைகள் அப்படியேதான் இருக்கும்.

16-பிட் செட்டப்தான் கையில் இருக்கிறதா? 32-பிட் விண்டோஸை ஒரு வெர்ச்சுவல் மெஷினில், இணைய இணைப்பு இல்லாமல் ஓட்டுங்கள்.