நேற்றுக் குடித்தது இன்று பிடிபடும்



சம்பளம் போட்ட நாள் மாலையில் பீரோ, கள்ளோ, சம்சோ குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்புவது நம் தோட்டப்புறங்களில் சாதாரண விஷயமாகி விட்டது. கேட்டால், "நான் நிதானமாத்தான் ஓட்டுவேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். இந்த நிதானத்தைப் பற்றி உடம்பு என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறுகிறது. வெயிலில் குலை வெட்டிவிட்டு வெறும் வயிற்றோடு குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். எதிரே வரும் லோரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்குத் தவறும். கை பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். இரண்டு சக்கர வண்டியில் அந்த ஒரு விநாடி போதும், குடும்பமே தெருவில் நிற்க. நிதானம் தவறியவனுக்குத் தன் நிதானம் தவறியது தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

ஏறிய மதுவைக் கரைப்பது கல்லீரல். அது மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒரு பெரிய போத்தல் பீரில் சுமார் 25 கிராம் மது இருக்கிறது. அது கரைய மூன்று மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு போத்தல் குடித்துவிட்டு நடுராத்திரி படுத்தவருக்கு, விடிகாலை பெரட்டுக்குக் கிளம்பும்போது போதை முழுக்க இறங்கியிருக்காது. கறுப்புக் காப்பி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எல்லாம் தூக்கத்தைக் கலைக்கும். இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைக்காது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த மது அளவு 50 ஆகக் குறைந்தது. ஊதிப் பார்க்கும் சோதனையில் 35 மைக்ரோகிராமாக இருந்தது 22 ஆகிவிட்டது. தகுந்த காரணமின்றி ஊத மறுப்பதும் குற்றமே. "தோட்டத்து மண்சாலைதானே" என்றும் நினைக்காதீர்கள். பொதுமக்கள் போய்வரும் சாலையெல்லாம் சட்டத்துக்குச் சாலைதான்.

அளவு மீறி முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10,000 முதல் 30,000 வெள்ளி வரை. இரண்டு ஆண்டு வரை சிறை. குறைந்தது இரண்டு ஆண்டுக்கு லைசன்ஸ் கிடையாது. காயம் விளைவித்தால் 7 முதல் 10 ஆண்டு சிறை. உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு, ஆகக் குறைந்த அபராதமே ஏறக்குறைய ஆறு மாத உழைப்பு! பிள்ளைகளின் பள்ளிச் செலவை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, குடிக்கப் போகிற நாளில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குடித்தவர் பின்னால் உட்காராதீர்கள். பிள்ளையையும் ஏற்றி அனுப்பாதீர்கள். தாய்மார்களே, சாவியைக் குடிக்கும் முன்னே வாங்கி வையுங்கள்; குடித்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

தினமும் குடித்துப் பழகி, விட முடியாமல் தவிப்பவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டர் துணையோடு விடுவதே நல்லது.

உழைத்துச் சேர்த்த காசு வீட்டுக்கு வரட்டும். அதைக் கொண்டுவருகிற நீங்களும் முழுசாக வீடு வந்து சேருங்கள்.