'டக்'கென்று ஒரு சத்தம்!

மகளுக்கு ஆன்லைன் பரீட்சை. பாதி எழுதியிருப்பாள், திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "அம்மா, நெட் போச்சு!" என்று ஒரே அழுகை. அடுக்களையில் என் மாமியார் மைக்ரோவேவ் அடுப்பில் பால் சுட வைத்துக் கொண்டிருந்தார்.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறதே! அந்த அடுப்பும் பல வைஃபை பெட்டிகளும் வேலை செய்வது ஏறக்குறைய ஒரே அலைவரிசையில், 2.4 கிகாஹெர்ட்ஸில். அடுப்பிலிருந்து கசிவது சொற்பம்தான், உடம்புக்குக் கெடுதலில்லை. ஆனால் வைஃபையைக் குழப்ப அது போதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இந்தத் தகராறு இல்லை. ஆனால் சுவர் தாண்டுவதற்குள் அது சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் ரவுட்டர் கூடத்தில், கம்ப்யூட்டர் கடைசி அறையில்!

"ஆள் வரச் சொல்லணும்" என்றார் வீட்டுக்காரர். மறுநாளே அடுத்த பரீட்சையாச்சே! நானே கடைக்குப் போய், இரண்டு முனையிலும் பிளக் வைத்த 'கேட் 6' கேபிள் 15 மீட்டர் வாங்கி வந்தேன். உள்ளே 8 மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். வெளித் தொந்தரவு அண்டாமலிருக்கத்தான் அந்த முறுக்கு. 100 மீட்டர் வரைகூட இழுக்கலாமாம்.

ஒரு முனையை ரவுட்டரில் 'லேன்' என்று போட்ட துளையில் செருகினேன். (பக்கத்தில் 'வான்' என்றிருப்பது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு; அதைத் தொடாதீர்கள்.) மறுமுனை கம்ப்யூட்டரின் பின்பக்கம். பழைய டெலிபோன் பிளக் மாதிரிதான், கொஞ்சம் அகலம்.

ஒன்றும் நடக்கவில்லை! 'எல்லாம் தெரிந்தவளாட்டம் கிளம்பினேனே' என்று எனக்கே வெட்கம். குனிந்து பார்த்தால், துளையருகே இருக்கிற குட்டி விளக்கு எரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். 'டக்'! விளக்கு மினுக்கியது. பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை; கம்ப்யூட்டர் தானே இணைந்துகொண்டது.

கழற்றும்போது பிளக்கின் நாக்கை அமுக்கிக்கொண்டு இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நாக்கு ஒடிந்துபோகும், அப்புறம் பிளக் துளையில் நிற்காது.

கேபிளை நடுக்கூடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தவழும் குழந்தை எடுத்துக் கடிக்கும், பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள். சுவரோரமாகக் கிளிப் அடியுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கதவிடுக்கில் நசுங்கவும் கூடாது.

மறுநாள் பரீட்சை நடுவில் அடுக்களையிலிருந்து மாமியார் குரல்: "ஏம்மா, பால் சுட வைக்கலாமா?"

"தாராளமா வைங்க அத்தை!"