ஜிப்சம் நிலத்தில் கால்வாய்: நனைதலும் உலர்தலும்

ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீஃபாக்களின் தலைநகராக விளங்கிய ஸாமர்ராவின் மாளிகைச் சுவர்களை அணிசெய்த கொடி வேலைப்பாடுகள் கலை வரலாற்றில் தனியிடம் பெற்றவை. அவற்றை உருவாக்கிய கலைஞர்கள் கையாண்ட பொருள், அரபு மொழியில் ‘ஜிஸ்’ எனப்படும் ஜிப்சச் சாந்து. மழை அருகிய அந்நாட்டில் அச்சாந்து பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. ஆனால் அதே பொருள் பாசனக் கால்வாயின் அடிமண்ணில் கலந்திருக்குமாயின், சில ஆண்டுகளிலேயே கரையைச் சரித்துவிடுகிறது. இம்முரண்பாட்டின் விடை நீரில் இருக்கிறது.

ஜிப்சம் என்பது நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் கொண்ட கால்சியம் சல்பேட். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.4 கிராம் அளவே அது கரையும். உப்போடு ஒப்பிட இது மிகச் சொற்பம். சுண்ணாம்புக் கல்லோடு ஒப்பிட மிக அதிகம். இந்த இடைப்பட்ட தன்மையே ஆபத்தானது. உப்பு மண்ணாயின் விரைவில் கரைந்து தன் குறையைக் காட்டிவிடும். ஜிப்சமோ கட்டுமானம் முடியும்வரை உறுதியாய் நின்று, பின்னர் மெல்லக் கரைகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கால்வாயின் ஒரு விரிசல் வழியே நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் கசிவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1,440 லிட்டர். அந்நீர் தன்னால் இயன்ற அளவு ஜிப்சத்தைக் கரைத்துச் சென்றால், நாள்தோறும் சுமார் மூன்றரைக் கிலோ மண்ணுக்கடியிலிருந்து வெளியேறும். 200 நாள் பாசனப் பருவத்தில் ஏறக்குறைய 300 லிட்டர் கொள்ளளவுள்ள குழி உருவாகிவிடும். மேலே பாவிய கான்கிரீட் பலகை அப்போதும் கண்ணுக்கு முழுமையாகவே தோன்றும்.

உலர்ந்த நிலையில் ஜிப்சமே மண் துகள்களைப் பிணைக்கும் பசை. ஆகவே மண் கெட்டியாக இருக்கும். நனைந்ததும் அப்பிணைப்பு தளர்ந்து, துகள்கள் சரிந்து நெருங்க, நிலம் திடீரெனத் தாழ்கிறது. பருவம் முடிந்து கால்வாய் மூடப்படும்போது நிலை மாறுகிறது. நீர் ஆவியாக, கரைந்திருந்த ஜிப்சம் மீண்டும் படிகமாகிறது. ஆனால் முன்பிருந்த இடத்தில் அன்று. ஈரம் மேலேறும் போக்கில் விரிசல்களிலும் கான்கிரீட்டின் அடியிலும் வளர்ந்து, அவற்றை நெம்புகிறது. உலர்ந்த மண்ணில் வெடிப்புகளும் தோன்றுகின்றன. அடுத்த பருவத்தில் திறந்துவிடப்படும் புதுநீர் அவ்வெடிப்புகள் வழியே முன்னிலும் ஆழமாகப் புகுந்து கரைக்கிறது. கால்வாயை விரைவாக வடித்தால், பின்புறம் தேங்கிய நீர் பலகைகளை உள்நோக்கித் தள்ளுவதும் உண்டு. இவ்வாறு ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் சேதத்தைப் பெருக்குகிறது. சல்பேட் கலந்த நீர் சாதாரணச் சிமென்டையும் அரிக்கிறது.

சிரியாவில் இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஹாரூன் ரஷீத் வாழ்ந்ததும், வானியலறிஞர் அல்பத்தானி ஆய்வு நடத்தியதுமான ரக்கா நகருக்கு மேற்கே, ஃபுராத் எனும் யூப்ரடீஸ் நதியில் 1973இல் தப்கா அணை நிறைவுற்றது. அதைக் கொண்டு 6,40,000 ஹெக்டேர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பதே திட்டம். எட்டப்பட்டது அதில் சிறு பங்கே. பல காரணங்களுள் ஜிப்ச மண் முதன்மையானது. கால்வாய்கள் உள்வாங்கின, நிலங்கள் கைவிடப்பட்டன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1990இல் இத்தகைய மண்ணின் மேலாண்மைக்கெனத் தனி நூலே வெளியிட்டது.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. ஜிப்சம் செறிந்த பகுதியைத் தவிர்த்து வழித்தடம் அமைத்தல். இயலாவிடில் அம்மண்ணை அகற்றிக் களிமண் இட்டு இறுக்குதல். காரை பாவுமுன் நிலத்தை நனைத்துத் தாழவிடுதல். கான்கிரீட்டின் கீழ் நீர்புகா விரிப்பு இடுதல். சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட்டைப் பயன்படுத்தல். தூண்கள்மீது தொட்டிவாய்க்கால்களாக நீரைக் கொண்டுசெல்லல் ஆகியன. இவை அனைத்தும் செலவு மிக்கவை. எனினும் இணைப்புகளை அடைப்பதும், சிறு கசிவையும் உடனே சீர்செய்வதும், காரணமின்றிக் கால்வாயை அடிக்கடி காயவிடாதிருப்பதும் பெருஞ்செலவின்றி இயல்வனவே.

கெட்டியான நிலம் என்று நம்பிக் கட்டப்பட்ட வாய்க்கால் சரிகையில், அதன் கடைமடையில் விதைத்துக் காத்திருக்கும் உழவனின் ஓராண்டு உழைப்பும் அதனுடன் போய்விடுகிறது. உலர்ந்த நாளில் மட்டும் மண்ணைச் சோதித்து முடிவெடுத்தல் போதாது; நனைந்தபின் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்று அறிந்த பின்னரே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.