கற்பூரவள்ளியில் கற்பூரம் மணக்கிறதா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் ஒரு தொட்டி இருக்கும். அதில் கற்பூரவள்ளி இருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய்மாரின் கை முதலில் அங்கேதான் போகும்.

அந்த இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். கற்பூரமா மணக்கிறது? இல்லை. ஓமம் மணக்கிறது!

அதனால்தான் அதற்கு ஓமவள்ளி என்றும் பெயர். பொருத்தமான பெயர் இதுதான். ஓமத்துக்கு மணம் தருவது "தைமால்" என்ற பொருள். ஓமவள்ளியிலும் தைமால் உண்டு. அதைப் போன்றே மணக்கும் "கார்வக்ரால்" என்ற பொருளும் உண்டு.

அப்படியானால் இரண்டும் உறவா? அதுதான் இல்லை! ஓமம், கொத்துமல்லியின் குடும்பம். ஓமவள்ளியோ துளசி, புதினாவின் குடும்பம்.

வாசனையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். ஆனால் வாசனையைத் தள்ளிவிடவும் முடியாது.

எந்த சேஜ்?

துளசிக்கு வெளிநாட்டில் ஓர் உறவு உண்டு. அதன் பெயர் "சேஜ்". தாவர நூலில் "சால்வியா" என்பார்கள். அதில் ஏறத்தாழ ஆயிரம் வகைகள்! இலையையும் பூவையும் பார்த்து எல்லாவற்றையும் பிரிப்பது எளிதல்ல. ஆகவே, இலையை நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இயந்திரத்தில் சோதிக்கிறார்கள்.

சமையல் சேஜ் எண்ணெயில் "தூஜோன்" அதிகம். அளவு மீறி வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்! ஸ்பெயின் நாட்டு சேஜில் அது மிகக் குறைவு. "கிளாரி சேஜ்" எண்ணெயோ லாவண்டர் எண்ணெயைப் போன்றது.

புட்டியில் வெறும் "சேஜ்" என்று போட்டிருந்தால் எதை நம்புவது? கற்பூரவள்ளிச் சாறு கொடுக்கிறோமே என்று, குழந்தைக்கு இதில் இரண்டு சொட்டு கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் மாறிய செடி

மண்ணும் பருவமும் மாறினால் ஒரே செடியின் எண்ணெயும் மாறும். அதனால் இன்று விஞ்ஞானிகள் செடியின் மரபணுவையும் பார்க்கிறார்கள்.

நீலகிரியில் பயிராகும் ரோஸ்மேரியின் கதை வேடிக்கையானது. 1753-ல் லின்னேயஸ் அதற்குத் தனி இனப் பெயர் கொடுத்தார். மரபணுவைப் பார்த்தபோது அதுவும் சேஜ்தான் என்று தெரிந்தது. 2017-ல் அதைச் சால்வியாவில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது அதன் பெயர் "சால்வியா ரோஸ்மாரினஸ்". பழைய பெயர் "ரோஸ்மாரினஸ் அபிசினாலிஸ்". கடைப் புட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.