எடை மேடையில் நிற்பது ஓட்டுநர், ஏற்றியது நாம்

மண்டி வாசலில் லாரி வந்து நின்றதும் நாம் பார்ப்பவை என்னென்ன? மூட்டை எண்ணிக்கை சரியா, தையல் விட்டிருக்கிறதா, தார்ப்பாய் ஒழுகிச் சரக்கு நனைந்திருக்கிறதா, அவ்வளவுதான். ஒரு நாள் தாமதமாக வந்தால் ஓட்டுநரை இரண்டு வார்த்தை கடிந்து பேசுவதும் உண்டு. வழியில் அவரை எங்கெங்கே நிறுத்தினார்கள், எதற்காக நிறுத்தினார்கள் என்று என் முப்பது வருட வியாபாரத்தில் நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஐப்பசியில் கேட்கும்படி ஆயிற்று. அதை நமது உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கல்புர்கியிலிருந்து விருதுநகருக்குத் துவரம் பருப்பு ஏற்றி வந்த ஆறு சக்கர லாரி அது. ஓட்டுநர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இரவு பத்தரை மணிக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, கிருஷ்ணகிரி தாண்டி வண்டியை மறிச்சுட்டாங்க. எடை மேடையில ஏத்திப் பார்த்ததுல ரெண்டு டன் கூட இருக்காம்."

"அதெப்படி தம்பி? 18 டன் 500 வரைக்கும் போகலாம்னு சட்டம் இருக்கே?"

"அது புது வண்டிக்கு அண்ணாச்சி. நம்ம வண்டி புக்குல 16,200 கிலோன்னுதான போட்டிருக்கு."

இதில்தான் நான் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்பதைவிட, விசாரிக்காமல் ஆசைப்பட்டேன் என்பதே சரி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பைக் கூட்டியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. அதைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து, எந்த லாரி வந்தாலும் "இன்னும் நாற்பது மூட்டை போடலாம்" என்று கல்புர்கிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சோதனை செய்யும் அதிகாரி பார்ப்பது பத்திரிகைச் செய்தியை அல்ல, அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையை. மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆவது பிரிவு சொல்வதும் அதையே. இந்த வண்டி 2018-க்கு முன் பதிவானது. காலி எடை 6,200 கிலோ. 50 கிலோ மூட்டை 200 போட்டால் புத்தக எடை நிறைந்துவிடும். என் பேச்சைக் கேட்டு 240 மூட்டை போட்டிருந்தார்கள். எடைச் சீட்டில் 18,200 கிலோ என்று அச்சாகிவிட்டது.

அபராதக் கணக்கு எளிதானது. 2019 செப்டம்பர் 1 முதல் மிகைப்பாரத்துக்கு ரூ.20,000/-, அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000/-. அதற்கு முன்பு இது ரூ.2,000/-மும் டன்னுக்கு ரூ.1,000/-மும்தான். நம்மில் பலர் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே இருக்கிறோம். எனக்கு வந்தது ரூ.24,000/-. எடை பார்க்க மறுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் ரூ.40,000/-.

அபராதத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். "கட்டிட்டுக் கிளம்புங்க தம்பி" என்றேன். மிகைப்பாரத்தை இறக்கினால்தான் வண்டி நகரலாம் என்றார். முன்பு சில மாநிலங்களில் பணத்தைக் கட்டி அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு போகும் வழக்கம் இருந்தது. அபராதம் கட்டினாலும் கூடுதல் பாரத்தோடு வண்டி ஓடக்கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறக்குவதும் வண்டிக்காரர் பொறுப்பிலேயே என்று சட்டத்தில் இருக்கிறது. சரக்கு நனைந்தால், களவு போனால் அதிகாரியைக் கேட்க முடியாது.

அன்றிரவு அங்கே மழைத் தூறல். நடுராத்திரியில் லோடுமேன்களுக்கு எங்கே போவது? ஓட்டுநரும் கிளீனருமாகத் தார்ப்பாயை அவிழ்த்து, மேல்வரிசை மூட்டைகளைத் தோளில் சுமந்து, எடை மேடை அருகில் ஒரு கொட்டகையில் அடுக்கியிருக்கிறார்கள். கொட்டகைக்காரருக்கு வாடகை. லாரி திரும்ப எடை பார்த்துவிட்டு விடியற்காலை புறப்பட்டது. கிளீனர் நாற்பது மூட்டைக்குக் காவலாக அங்கேயே இருந்தார். மறுநாள் நான் ஒரு 407 பிடித்து அனுப்பி அவற்றை எடுத்து வந்தேன்.

அந்த நாற்பது மூட்டையால் எனக்கு என்ன மிச்சம்? நடை வாடகை ரூ.30,000/- என்று வைத்துக்கொள்வோம். 240 மூட்டை என்றால் மூட்டைக்கு ரூ.125/-. 200 மூட்டை என்றால் ரூ.150/-. வித்தியாசம் மூட்டைக்கு 25 ரூபாய், அதாவது கிலோவுக்கு 50 காசு. போட்டி வியாபாரத்தில் 50 காசு சின்னத் தொகை அல்லதான். பக்கத்துக் கடைக்காரர் அதிகம் ஏற்றி வந்து அந்த 50 காசைக் குறைத்து விற்றால் நான் எப்படி விற்பேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை.

அபராதத்தை யார் கட்டுவது என்பதில் சங்கடம் வந்தது. லாரி உரிமையாளர் ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர், அதற்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். "புத்தகத்தில் உள்ள எடை டிரைவருக்குத் தெரியும், அவன் ஏற்ற விட்டிருக்கக் கூடாது, சம்பளத்தில் பிடிக்கிறேன்" என்றார். ஓட்டுநரிடம் கேட்டேன்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. 'விருதுநகர் மொதலாளி போன்ல சொல்லிட்டாரு, முடியாதுன்னா வேற வண்டிக்குப் போடுறோம்'னாங்க. ரெண்டு நாள் லோடு இல்லாம அங்க கிடந்தேன். நான் என்ன செய்ய?"

இதைக் கேட்டபின் வாய் திறக்க எனக்கு என்ன இருக்கிறது? வண்டியை ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சட்டம் குறிப்பிடுகிறது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றும் இருக்கிறது. சரக்குக்காரரான நம் பெயர் அந்தச் சீட்டில் எங்கும் ஏறுவதில்லை. ரூ.24,000/-த்தையும் நானே கட்டினேன். 407 வாடகையை நானும் உரிமையாளரும் பாதிப் பாதி.

ஓட்டுநர்கள் சொன்னவை

அதன் பிறகு சரக்கு இறக்க வருகிற ஓட்டுநர்களை உட்கார வைத்துப் பேசும் பழக்கம் வந்தது. அவர்கள் சொன்னவற்றில் நமக்கு உதவக்கூடிய சிலவற்றைத் தருகிறேன்.

எடை மேடைக்கு எடை மேடை நூறு, இருநூறு கிலோ வித்தியாசம் காட்டும் என்பது அவர்களுடைய பொதுவான குறை. எடை மேடைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். நமது மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. ஆனால் வித்தியாசத்துக்கு மேடை மட்டும் காரணமல்ல. 300 லிட்டர் டீசல் ஏறக்குறைய 250 கிலோ. காலி எடை பார்க்கும்போது டேங்க் அடியில் இருந்து, லோடு எடை பார்க்கும்போது நிரம்பியிருந்தால் அதுவே ஐந்து மூட்டை. நனைந்த தார்ப்பாய், சேறு, கிளீனர் இறங்கினாரா இல்லையா, எல்லாம் சேரும். சில சுங்கச்சாவடிகளில் ஓடுகிற வண்டியை எடை பார்க்கும் கருவி உண்டு. அதன்மேல் பிரேக் போட்டால் பாரம் முன் அச்சுக்குச் சாய்ந்து கணக்கு மாறும். ஆகவே புத்தக எடையை விளிம்பு வரை நிரப்பாமல் இருநூறு, முந்நூறு கிலோ விட்டு ஏற்றுங்கள் என்பது அனுபவப்பட்டவர்களின் பேச்சு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

எடை பார்க்க எங்கே வேண்டுமானாலும் ஓட்டிப்போகச் சொல்லலாமா? சட்டத்தின் 114-ஆவது பிரிவின்படி, வண்டி போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடைக்குத்தான் போகச் சொல்லலாம். இறக்கச் சொல்லும் உத்தரவும் எழுத்தில் இருக்க வேண்டும். இதை நான் சொன்னபோது ஓர் ஓட்டுநர் சிரித்துவிட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டுல நின்னு செக்‌ஷன் பேச முடியுமா அண்ணாச்சி? பேசினா டயர்ல இருந்து ரிஃப்ளெக்டர் வரைக்கும் பார்ப்பாங்க." பிரேக் இன்ஸ்பெக்டர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, தம்முடைய வேலையைச் சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

மாமூல் பற்றியும் பேச்சு வரத்தான் செய்தது. ரசீது இல்லாத அந்தப் பணம் ஓட்டுநர் கையிலுள்ள வழிச்செலவிலிருந்து போகிறது. ஊர் திரும்பிக் கணக்குக் கொடுக்கும்போது உரிமையாளர் நம்புவதில்லை. நம்பாத தொகை பேட்டாவில் கழிகிறது. பாரம் புத்தக எடைக்குள் இருந்து, காகிதமும் சரியாக இருந்தால் கேட்கிறவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது என்கிறார்கள். கேட்பதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

இரும்புக் கடை உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியோ குழாயோ வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக ரூ.20,000/-.

காகிதச் சோதனை

2017 ஜூலை 1-க்கு முன் மாநில எல்லை விற்பனை வரிச் சாவடிகளில் லாரிகள் வரிசைகட்டி நின்றதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் சாவடிகள் போயின. பறக்கும் படை வந்தது. எங்கே நிற்கும் என்று தெரியாது.

மூட்டைப் பருப்புக்கு வரி இல்லாததால் இ-வே பில் தேவைப்படவில்லை. ஆனால் குண்டூரிலிருந்து வற்றல் வருவதற்கு வேண்டும். ஒருமுறை வற்றல் ஏற்றிய லாரி வழியில் பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றினார்கள். இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் புது வண்டி எண்ணைப் போட வேண்டும் என்று சரக்கு அனுப்பியவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிடிபட்டவர் ஓட்டுநர். வண்டி எண்ணில் ஓரிரு எழுத்தோ இலக்கமோ பிழை, பின்கோடு பிழை போன்றவற்றுக்கு ரூ.1,000/- அபராதத்தோடு விட வேண்டும் என்று 2018 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. முழு எண்ணும் வேறு என்றால் அது பொருந்தாது. 2022 ஜனவரி 1 முதல் சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தாலும் வரியைப் போல் இரண்டு மடங்கு தண்டம். எட்டு லட்ச ரூபாய் வற்றலுக்கு 5 சதவீத வரி ரூ.40,000/-, தண்டம் ரூ.80,000/-. விளக்கம் கொடுத்து வண்டியை மீட்க மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் அந்த மனிதர் வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தார்.

2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இ-வே பில் காலம் கணக்கிடப்படுகிறது. குண்டூரிலிருந்து 900 கிலோமீட்டர் என்றால் ஐந்து நாள். காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பும் முடிந்தபின் எட்டு மணி நேரம் வரையும் நீட்டிக்கலாம். வண்டியை அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால், அதை இணையதளத்தில் பதிவு செய்ய இ.டபிள்யூ.பி.-04 என்ற படிவம் இருக்கிறது. நான் விசாரித்த வரையில் அதைப் பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை. ஒரு மாநிலத்தில் ஒருமுறை சரக்கைப் பிரித்துச் சோதித்துவிட்டால், வரி ஏய்ப்புப் பற்றிக் குறிப்பான தகவல் இல்லாமல் அதே மாநிலத்தில் மறுபடி பிரிக்கக் கூடாது என்றும் விதி உள்ளது. முதல் சோதனையின் நகலை ஓட்டுநர் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இப்போது கல்புர்கியில் வண்டி அமர்த்தியதும் ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்கிறேன். அதில் உள்ள எடையைப் பார்த்து மூட்டை எண்ணிக்கையை நானே எழுதிக் கொடுக்கிறேன். ஏற்றிய இடத்திலேயே எடை பார்த்துச் சீட்டின் ஒரு பிரதியை எல்.ஆரோடு இணைக்க வேண்டும், மேடைக் கூலி என்னுடையது. இரவில் அழைக்க என் சொந்த எண் எல்.ஆரில் இருக்கிறது. மூட்டைக்கு 25 ரூபாய் கூடுதலாகத்தான் விழுகிறது. இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் அதனால் வேறு மண்டிக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார்.

நமது ஊர் லாரி புக்கிங் ஆபீஸ்களின் எல்.ஆர். படிவத்தில் புத்தக எடைக்கும் ஏற்றிய எடைக்கும் இரண்டு கட்டங்கள் அச்சிடச் சொல்லி, சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது பேச்சுக்கு வருகிறது. கிலோவுக்கு 50 காசு விஷயத்தையும் அப்போதே பேசிவிடலாம்.