திறந்திருந்த இரைப்பை

உண்ட உணவு வயிற்றினுள்ளே என்ன ஆகின்றது? நாள்தோறும் நம்முள் நிகழும் இக்காரியத்தைப்பற்றி, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வைத்திய உலகம் ஒருமித்த கருத்துடையதாய் இருக்கவில்லை. உணவு அங்கே வேகின்றது என்றனர் சிலர். அரைபடுகின்றது என்றனர் வேறு சிலர். புளிக்கின்றது என்றும், அழுகுகின்றது என்றும் வாதித்தாரும் உளர். பிரான்சு தேசத்து அறிஞர் றெயோமூர், 1752 ஆம் ஆண்டிலே, துளையிட்ட சிறு உலோகக் குழாயினுள் இறைச்சியை அடைத்துப் பருந்தொன்றுக்கு ஊட்டினார். பருந்து குழாயைக் கக்கியபோது உள்ளிருந்த இறைச்சி கரைந்திருந்தது. இத்தாலியரான ஸ்பலன்சானி என்பவரோ உணவு பொதிந்த துணிப்பைகளைத் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பையிற் கரைக்குந் தன்மையுள்ள ஒரு சாறு உண்டென்பது இவற்றாற் புலப்பட்டது. ஆயினும், உயிரோடு நடமாடும் ஒரு மனிதனின் இரைப்பையில் அச்சாறு தொழிற்படுவதை ஆண்டுக்கணக்கில் நேரே பார்த்து எழுதும் வாய்ப்பு எவருக்குங் கிட்டவில்லை. அவ்வாய்ப்பு ஒரு துவக்குச் சூட்டினால் வந்தது.

வட அமெரிக்காவின் பேரேரிகளுள் மிச்சிகனும் ஹூரனும் கூடுமிடத்திலே மக்கினாக் என்னும் சிறு தீவு உண்டு. விலங்குகளின் மென்மயிர்த் தோல் வாணிபத்துக்கு அஃது அக்காலத்திற் பெயர்போன இடம். 1822 ஆம் ஆண்டு யூன் 6 ஆம் நாள், அங்குள்ள வாணிபக் கடையில் ஒருவரது கையிலிருந்த துவக்குத் தவறுதலாக வெடித்தது. ஒரு யார் தூரமும் இல்லாத அணிமையில் நின்ற அலெக்சிஸ் சென் மார்டின் என்பவரின் இடப்புற விலாவிலே குண்டுகள் பாய்ந்தன. அவர் பிரெஞ்சு மொழி பேசும் கனடியர், தோல்வணிகரின் படகு வலிப்பவர், இருபது வயதளவினர். விலா எலும்புகள் முறிந்து, சுவாசப்பையின் ஒரு பகுதி வெளியே பிதுங்கி, கிழிந்த இரைப்பையினூடாக அன்று காலை உண்ட உணவு வழிந்தது. கோட்டையின் படைவைத்தியரான வில்லியம் பியூமொன்ற் விரைந்து வந்து காயத்தைக் கட்டினார். ஆள் பிழைப்பாரென அவர் நம்பவில்லை.

பியூமொன்ற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பின்னர் மூத்த வைத்தியர் ஒருவரிடம் பயின்று தொழிலுக்கு வந்தவர். ஆசிரியத் தொழிலில் முதுமையெய்தும் எனக்கு அச்செய்தியிற் சிறு பெருமை உண்டென்பதை மறைப்பானேன்?

மார்டின் பிழைத்தார். ஆனால் காயம் முற்றாக மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலின் விளிம்போடு ஒட்டி வளர்ந்து, நிலையான ஒரு துவாரம் எஞ்சியது. நாளடைவில் உட்புறத்திலிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து அதனைக் கதவுபோல மூடிக்கொண்டது. விரலால் அதைத் தள்ளினால் உள்ளே பார்க்கலாம். இடையிலே, ஆதரவற்ற இந்நோயாளியைப் பேணுதற்குப் பொதுப்பணம் தரமுடியாதென ஊர் அதிகாரிகள் மறுத்து, அவரை நெடுந்தூரத்துக்கு அப்பாலுள்ள சொந்தவூருக்கு அனுப்ப முனைந்தனர். வைத்தியர் அவரைத் தம் வீட்டிற் சேர்த்து, உணவும் உடையுங் கொடுத்துப் பராமரித்தார். மார்டினும் தேறியபின் அவ்வீட்டில் விறகு பிளந்து வேலைசெய்தார்.

1825 ஆம் ஆண்டு ஆகத்து முதலாம் நாள் நண்பகலிலே முதற் பரிசோதனை தொடங்கிற்று. பட்டுநூலொன்றிற் பலவகை மாட்டிறைச்சித் துண்டுகளும், கொழுத்த பன்றியிறைச்சியும், பழைய பாணும், பச்சைக் கோவாவும் கட்டப்பட்டுத் துவாரத்தின் வழியே இறக்கப்பட்டன. ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது கோவாவும் பாணும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி மாறவில்லை. இரண்டு மணிக்குக் கோவா, பாண், பன்றியிறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி ஆகியவை நூலில் இல்லை. பின்னர் மார்டினுக்கு வயிற்று வேதனையுண்டாகவே பரிசோதனை நிறுத்தப்பட்டது. மறுநாளும் அவர் சுகமின்றி இருந்தமையால், வைத்தியர் மருந்துக் குளிகைகளை அத்துவாரத்தின் வழியாகவே போட்டார். வாயால் விழுங்கவேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை!

இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துப் புட்டியில் இட்டு, உடற்சூடாகிய 100 பாகை பரனைற் வெப்பத்தில் வைத்து, அதிலும் இறைச்சியைக் கரைத்துக் காட்டினார் பியூமொன்ற். புட்டியில் நேரம் கூடுதலாகச் சென்றதேயன்றி விளைவு வேறுபடவில்லை. ஆகவே சமிபாடு ஓர் இரசாயனத் தொழில் என்பது உறுதியாயிற்று. உணவு எவ்வளவு நுண்ணிதாக மெல்லப்பட்டதோ அவ்வளவு விரைவிற் கரையுமென்றும் அவர் எழுதினார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற நம்மவர் இதனைக் கேட்டு வியப்படையார். மார்டின் சினங்கொண்ட வேளைகளில் ஈரலிலிருந்து வரும் பித்தநீர் இரைப்பையினுள்ளே காணப்பட்டது, சமிபாடுந் தடைப்பட்டது.

நோயாராய்ச்சிக்கு மிகப் பயன்பட்டது மற்றொரு காட்சி. மார்டின் சில நாட்கள் தொடர்ந்து மது அருந்தியபின் பார்த்தபொழுது, இரைப்பையின் உட்சுவர் சிவந்து ஆங்காங்கே புண்பட்டிருந்தது. மார்டினோ தமக்கு நோவில்லை என்றார், பசியுங் குறையவில்லை. உள்ளே நோய் வளர்ந்திருக்கவும் உடையவன் அதனை உணராதிருத்தல் கூடும் என்பதைப் பியூமொன்ற் கண்ணாற் கண்டு எழுதினார்.

1833 ஆம் ஆண்டில் அவர் நூல் வெளிவந்தது. இருநூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகளும் ஐம்பத்தொரு முடிபுகளும் அதில் உள்ளன. அந்நூலுக்குப் பின்னர் ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது. 1836 இல் சுவான் என்பவர் பெப்சின் என்னும் நொதியத்தைக் கண்டார். உருசிய அறிஞர் பவ்லோவ் நாய்களில் இத்தகைய துவாரங்களைச் செய்து சமிபாட்டை ஆராய்ந்து, 1904 இல் நோபல் பரிசு பெற்றார். இரைப்பையின் அமிலம் சிறுகுடலை அடைந்ததும், இரத்தத்தின் வழியே ஒரு தூது சென்று சதையியைச் சுரக்கச் செய்கின்றது என்பதை 1902 இல் இலண்டனில் பேலிசும் ஸ்ரார்லிங்கும் காட்டினர். ஓமோன் என்னுங் கருத்துப் பிறந்தது அங்கேதான். 1957 இல் வளையும் கண்ணாடியிழைக் குழாயால் இரைப்பையை நோக்கும் கருவி வந்தபின், எவரது விலாவுந் திறந்திருக்கவேண்டிய அவசியம் ஒழிந்தது.

நேயர்களே, இவ்வளவும் வைத்தியரின் பக்கத்துக் கதை. படகோட்டியின் பக்கமும் ஒன்றுண்டு. 1825 இலேயே அவர் சொல்லாமற் கனடாவுக்குச் சென்று, மணஞ்செய்து, பிள்ளைகளும் பெற்றார். தோல்வணிகரின் ஆட்கள் மூலம் அவரைத் தேடிக் கண்ட பியூமொன்ற், 1829 இலே குடும்பத்தோடு மிசிசிப்பி நதிக்கரைக்கு வரவழைத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் மீண்டும் திரும்பினர். அந்த மனிதர் வயிற்றிலே துவாரத்தோடு ஆறுகளையும் ஏரிகளையும் ஓடத்திற் கடந்து மொன்றியலை அடைந்தார். 1832 இல் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஓராண்டுக்கு 150 டொலர், ஊண், உறையுள். பதிலுக்கு அவர் ஏவலாளாயிருந்து பரிசோதனைகளுக்கும் உட்படவேண்டும். எழுத்தறியாத மார்டின் புள்ளடியிட்டார்.

பியூமொன்ற் கொடியவர் என்று நான் கூறேன். அவர் இன்றேல் மார்டின் அன்றே இறந்திருப்பார். தம் சொற்ப சம்பளத்திலிருந்தும் அவருக்காகச் செலவிட்டார். ஆயினும் உயிர் காத்தவரே எசமானராகவும், எசமானரே ஆராய்ச்சியாளராகவும் இருக்குமிடத்தில், முடியாது என்று சொல்லும் உரிமை ஏழைக்கு எவ்வளவு இருந்திருக்கும்? நோயாளியின் நலம் ஆராய்ச்சியின் நலத்திற்கு மேலானது, அறிந்து மனமொப்பியவரிடமே ஆராய்ச்சி செய்யலாம், நினைத்தபோது விலகலாம் என்னும் விதிகள் 1964 இலே உலக வைத்தியர் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தில் எழுதப்பட்டன. ஈரல் நோய்க்கோ குடல் நோய்க்கோ புது மருந்தைச் சோதிக்கும் வைத்தியர், நோயாளிக்கு விளங்கும் மொழியில் யாவற்றையும் கூறி ஒப்புதல் பெறவேண்டியது இதனாலேயே. அத்தாளை வாசியாமற் கையொப்பமிடுவோரை நினைக்கும்போது எனக்கு மார்டினின் புள்ளடி நினைவுக்கு வருகின்றது.

1834 இல் ஊர் சென்ற மார்டின் பின்னர் வரவில்லை. வைத்தியர் 1853 இல் இறக்கும்வரை கடிதங்கள் எழுதி அழைத்தார், பயனில்லை. 1856 இல் வேறொருவர் மார்டினை நகரந்தோறுங் கொண்டுசென்று காட்சிப்பொருளாக்கினார். சுடப்பட்டு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1880 யூன் மாதத்தில் கியூபெக் மாகாணத்தின் சென் தோமா கிராமத்தில் அவர் காலமானார். அந்த இரைப்பையைப் பெற்றுவிடவேண்டுமெனப் புகழ்பெற்ற வைத்தியர் ஒஸ்லர் முயன்றார். குடும்பத்தார் இணங்கவில்லை. கோடை வெயிலிற் பிரேதத்தைப் பல நாட்கள் வைத்திருந்து, எவருக்கும் பயன்படாதவாறு அழுகியபின், எட்டடி ஆழத்திற் புதைத்தனர். பூசை நடந்தபொழுது பெட்டியைக் கோயிலினுள்ளே கொண்டுபோக இயலாது வெளியில் வைக்கவேண்டியதாயிற்று. கனடாவின் உடற்றொழிலியல் அறிஞர்கள் அங்கே நினைவுப் பலகையொன்றைப் பதித்தது 1962 இலே தான்.