வெற்றிலைப் பழக்கமும் மன உறுதியும்

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, மழையிலும் குளிரிலும் கொழுந்து பறிப்போர் பலருக்கு வெற்றிலை பாக்கும் புகையிலையுமே துணை. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோய் விளைவிக்கும் என்பதை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதி செய்தது.

அறிந்தும் விட இயலாமை ஏன்? பழக்கத்தின் வேர் அறிவில் அன்று, வேளையில் உள்ளது. தேநீர் அருந்தியதும் கை தானே மடியை நாடுகிறது. இன்ன வேளையில் இன்னது செய்வேன் என வகுத்த உறுதி, வெறும் விருப்பத்தினும் வலிது என்று உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். ஆகவே, “விட்டுவிடுவேன்” என்பதினும், “தேநீர் அருந்தியதும் வாய் கொப்பளித்து ஏலக்காய் மெல்லுவேன்” என்று உறுதி கொள்ளுங்கள்.

வாயில் வெண்படலமோ ஆறாப் புண்ணோ கண்டால், தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.